மழையில் வந்த நூல்

என் பிரியமுள்ள பழனி அண்ணா,

நீங்கள் போய் நான்கு வருடம் ஆகிறது. நான் இன்னும் புனேயில்தான் இருக்கிறேன். என்ன ஆராய்ச்சி கண்ணு என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், சொன்னால் புரியாது என்று நழுவினேன். இப்போது சொல்கிறேன்.

பிரபஞ்சம் பிறந்த புதிதில் எவ்வளவு சாதாரணப் பொருள் இருந்தது என்று கணிக்க முடிகிறது. நம்மையும் நட்சத்திரங்களையும் ஆக்கிய அதே பொருள்தான். இன்று தேடினால் அதில் பெரும் பங்கைக் காணோம். விண்மீன் மண்டலங்களுக்கு நடுவே, சூடான, மிக மெல்லிய வாயுவாகப் பரவிக் கிடக்க வேண்டும் என்கிறோம். வெகு தொலைவிலிருந்து வரும் ஒளி அதைக் கடக்கும்போது துளி மங்க வேண்டும். அந்த மங்கலைத் தேடி, ஒன்றைப் பிடித்தும் விட்டேன். போன மாதம் அது கருவியின் கோளாறு என்று தெரிந்தது. உதவித்தொகையும் முடியப் போகிறது.

மனசு விட்டுப்போய்த் திருப்பூர் வந்தேன். அத்தை மகனின் பனியன் கம்பெனியில் உட்கார்ந்திருந்தபோது, கொட்டும் மழையில் நூல் மூட்டைகள் வந்து இறங்கின. குடோன்காரர் நூல் சுற்றிய ஒரு கோனை உலர்த்தி நிறுத்துப் பார்த்த பிறகே எடையை எழுதிக்கொண்டார். ஏன் என்று கேட்டேன்.

"மழைக் காத்துல நூல் கனமா நிக்குமுங்க. அதையே துணியாக்கி வெயில் காலத்துல எடை போட்டா கொறையும். அப்பறம் யாரைத் திருடன்னு சொல்றதுங்க?"

உங்கள் கம்பெனி குடோனில் நீங்களும் ஐப்பசி மழையில்தானே நூலை எடை போட்டு வாங்கினீர்கள்? துணியைப் பங்குனியில் எடை போட்டார்கள். குறைந்தது. முதலாளி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றதோடு சரி. விடுமுறைக்கு வந்திருந்த நான்தான், நீங்கள் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன்.

"நூலை எங்கண்ணா கொண்டுபோய் வெச்சீங்க?"

"நான் எடுக்கலீங்கன்னு அவருகிட்டச் சொன்னேன். உன்கிட்டயும் சொல்லோணுமா கண்ணு?"

அதற்குப் பிறகு நீங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆடியில் மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோய்விட்டது.

வானத்தில் காணாமல் போனதற்காக நான் ஒருநாளும் யாரையும் சந்தேகப்பட்டதில்லை. எங்கோ இருக்கத்தான் வேண்டும் என்று, கண்ணில் படாததை இத்தனை வருடம் நம்பினேன். கூடப் பிறந்த உங்களை ஒரு வேளைச் சோறு உண்ணும் நேரம்கூட நம்பவில்லையே, ஏன் அண்ணா?

முதலாளியிடம் சொல்லப் போனேன். அவரும் இல்லை, கம்பெனியும் இல்லை. அம்மாவிடம் சொன்னேன். அவன் எடுக்கலைன்னு எனக்கு அப்பவே தெரியும் என்றார். மன்னிப்பை நான் யாரிடம் போய்க் கேட்பது?

இனி நம் சொந்தத்தில் யார் உங்கள் பேச்சை எடுத்தாலும், எடை ஏன் குறைந்தது என்று சொல்வேன். உங்களிடம் அப்படிக் கேட்டது நான்தான் என்பதையும் மறைக்க மாட்டேன்.

உங்களை நம்பாமல் போன தங்கச்சி,
மல்லிகா