வடத்துக்குப் பக்கத்தில் நின்ற சிப்பாய்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எங்கள் மூன்று பேருக்கும் உடம்பு படுத்தாமல் இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். குளியலறைக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றது. எதிர்வீட்டு வக்கீல் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார், வந்திருப்பவர்கள் சத்தம் போடாத மனிதர்கள். உன் அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, அதற்குக் காரணம் மருந்து இல்லை, நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதுதான் என்பது என் கணிப்பு. போனில் அவள் சொல்லியிருக்க மாட்டாள், அதனால் நான் சொல்கிறேன், அவள் ராணுவ வண்டி செய்கிறாள்.

பயப்படாதே, பொம்மை வண்டி. பொம்மை என்றால் அவளுக்குக் கோபம் வரும், மாடல் என்று சொல்ல வேண்டும். மாமா ராணுவத்தை விட்டு நம் பின்னறைக்கு வந்ததிலிருந்து யாரோடும் பேசாமல் இருப்பது உனக்குத் தெரியும், சாப்பாட்டுத் தட்டைக்கூட அறைக்கே எடுத்துப் போய்விடுவார். ராணுவத்தில் அவர் ஓட்டியது, பழுதாகி நின்ற டாங்கிகளை இழுத்து வரும் மீட்பு வண்டி. அதே வண்டி சின்ன அளவில், பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, தம்பிக்குக் கைக்கு ஒரு வேலை இருந்தால் மனசு லேசாகும் என்று அவர் பிறந்த நாளுக்கு அம்மா வாங்கிக் கொடுத்தாள். அவர் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். பிரிக்கவே இல்லை. ஒருநாள் அறையைக் கூட்டப் போனவள் பெட்டியோடு திரும்பி வந்தாள்.

காலமெல்லாம் பல் செட் செய்த கை அல்லவா, சும்மா இருக்குமா. பல்லைத் தேய்த்த சின்ன அரத்தால் வண்டிக் கதவின் பிசிறைத் தேய்த்தாள், அச்சு எடுக்கும் பிளாஸ்டரில் காபித்தூளைக் கலந்து ஆற்றங்கரைச் சேறு செய்தாள், சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டையைக் கண்ணி கண்ணியாக இடுக்கியால் கோத்தாள். புது வண்டி போல் பெயிண்ட் அடித்துவிட்டு, அதைக் கெடுக்க ஒரு வாரம் உழைத்தாள், கீறல், துரு, எண்ணெய்க் கசிவு என்று. நல்ல பெயிண்டை எதற்குப் பாழாக்குகிறாய் என்று கேட்டேன். "பல்லு வெள்ளை வெளேர்னு இருந்தா பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சிடும்ல, அதே கதைதான்" என்றாள். சேற்றில் மூக்கு புதைந்த ஒரு டாங்கி, கரையில் மீட்பு வண்டி, நடுவே இரும்பு வடம், வடத்துக்குப் பக்கத்தில் கையை அசைத்து வழிகாட்டும் ஒரு சிப்பாய், பின்னால் தூரத்து மேட்டில் ஒரு மரம். சாப்பாட்டு மேஜை போர்க்களமாகிவிட்டதால் நான் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டேன். நூலகக் கூடத்தில் மாடல் சங்கத்தார் நடத்தும் போட்டிக்குப் பெயரும் கொடுத்துவிட்டாள்.

போட்டிக்கு முந்தின நாள் மதியம், தண்ணீர் எடுக்க வந்த மாமா மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். அதுவரை அந்தப் பக்கம் திரும்பாமலே போய் வந்துகொண்டிருந்தவர். "அக்கா, ரோப் இப்படித் தொங்காது. இழுக்கும்போது கம்பி மாதிரி விறைச்சு நிக்கும்" என்றார். அவள் வடத்தைக் கழற்றி இழுத்துக் கட்டினாள். அவர் போகவில்லை. "அந்த ஆள் அங்க நிக்கக் கூடாது" என்றார். ஏன் என்று கேட்டாள். "அறுந்தா ஆளை வகுந்துடும்." பிறகு, நின்றபடியே, மீதியைச் சொன்னார். அவரோடு ஒரே கூடாரத்தில் படுத்து எழுந்த ஒருவன், சுருட்டை என்று கூப்பிடுவார்களாம், இதே மாதிரி ஒரு கரையில் வழிகாட்ட அங்கேதான் வந்து நின்றானாம். வடம் ஏற்கெனவே விறைத்திருந்தது. "தள்ளிப் போடான்னு கத்தினேன். இன்ஜின் சத்தத்துல காதுல விழல. சரின்னு சொல்றேன்னு நினைச்சுக்கிட்டான் போல, என்னைப் பார்த்துச் சிரிச்சான்." இவர் வண்டியை நிறுத்துவதற்குள் அறுந்துவிட்டது.

அம்மா கத்தி முனையால் அந்தச் சிப்பாயைக் காலடியில் நெம்பி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "எங்க நிக்கணுமோ நீயே வை" என்றாள். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, தூரத்தில், மேட்டின் மேல், மரத்துக்குப் பின்னால் வைத்தார். அவள் பசை தடவினாள். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன், எந்தச் செய்தி என்று கேட்காதே.

மறுநாள் நடுவர், ஓவிய ஆசிரியராக இருந்தவர், துருவையும் சேற்றையும் புகழ்ந்துவிட்டு, மேட்டில் தனியாக நிற்பவன் மட்டும் காட்சியோடு ஒட்டவில்லை, வடத்துக்குப் பக்கத்தில் கொண்டு வந்தால் முதல் பரிசுக்கே தகும், இப்போதுகூட மாற்றிக்கொள்ளலாம் என்றார். பரிசுக்கு அவள் ஆசைப்பட்டது எனக்குத் தெரியும். மாமா வாசலோரம் நின்றிருந்தார், அவரை அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை. "அவன் அங்கேயே இருக்கட்டும் சார், அங்கதான் பத்திரம்" என்றாள். பரிசு ஒரு வங்கி ஊழியர் செய்த ஜீப்புக்குப் போயிற்று. நல்ல ஜீப்தான், குறை சொல்வதற்கில்லை. அன்று ராத்திரி மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். உப்பு குறைவு என்றார். அம்மா எழுந்து போய் உப்பு எடுத்து வரக் கொஞ்சம் அதிக நேரம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை அவரிடம் கொடுக்கப் போகிறேன். சுருட்டையைப் பற்றிக் கேட்காதே, நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. அந்த வண்டிக்கு எத்தனை கியர் என்று கேள், பேசுவார். தானாக வேறு ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் வைத்துவிடாதே.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அந்தக் குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொள்.

அன்புடன்,
அப்பா