முடிவை மாற்றிச் சொன்ன அப்பாவுக்கு

என் அருமை அப்பா,

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. இதற்குள் பலமுறை எழுத உட்கார்ந்தேன், அழுகை வந்து எழுத விடவில்லை. இந்த முறை வந்தது கோபம். அதனால்தான் பேனா ஓடுகிறது. பயப்படாதீர்கள், கோபம் இப்போது பெரும்பாலும் இறங்கிவிட்டது. ஆனாலும் நடந்ததை முதலில் இருந்து சொல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

நாங்கள் ‘அப்புக்காத்துப் படம்’ என்று பெயர் வைத்திருந்த அந்த ஆங்கிலத் தொடரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வாரம் ஒரு கொலை, வாரம் ஒரு அப்பாவி, கடைசியில் உண்மையான கொலைகாரரைச் சாட்சிக்கூண்டில் வைத்தே ஒப்புக்கொள்ள வைக்கிற வக்கீல். இப்போது அதெல்லாம் இணையத்தில் கிடைக்கிறது. அதைப் பார்த்தவர்கள் கூடிக் கதைக்கிற ஒரு குழுவும் இருக்கிறது, அதில் எங்கள் ஆட்களும் நிறையப் பேர். அந்த அப்புக்காத்து கெட்டிக்காரனா, இல்லை ஆட்களை வெருட்டி வாக்குமூலம் எடுக்கிறவனா என்று நாள் முழுக்கப் பிடுங்குப்படுகிறார்கள். ஒவ்வொரு வாரமும் தோற்கிற அரசாங்க வக்கீலுக்காக இரக்கப்படுகிற ஒருவரும் இருக்கிறார். "அந்த மனிசன் வீட்டை போய்ப் பெண்சாதிக்கு என்னத்தைச் சொல்லுவார்?" என்பது அவருடைய கவலை.

போன மாதம் அங்கே ஒருவர், எந்தக் கதையின் முடிவு உங்கள் மனதில் நிற்கிறது என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு எழுதினேன்: ஏரிக்கரை வீட்டுக் கதை, சொத்துக்காக அண்ணனே தம்பியைக் கொன்றது. உடனே பதில் வந்தது, கொன்றது அண்ணன் இல்லை, வீட்டு வேலைக்காரி என்று. நான் விடுவேனா? இரண்டு நாள் சண்டை பிடித்தேன். என் அப்பா திருகோணமலை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், எங்களுக்குச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துச் சொன்னவர், உங்களுக்குத்தான் ஞாபகப் பிசகு என்றெல்லாம் எழுதினேன். கடைசியில் ஒரு தம்பி, "அக்கா, கோவிக்காதேங்கோ, ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்கோ" என்றான்.

போய்ப் பார்த்தேன். வேலைக்காரிதான். கூண்டில் நின்று, தன் வாயாலேயே, நான்தான் அவரைத் தண்ணீரில் தள்ளினேன் என்கிறாள். ஒருமுறைக்கு மூன்றுமுறை கேட்டேன். அப்பா, எனக்கு முகம் சுண்டிப்போனது.

சனிக்கிழமைப் பின்னேரங்கள் எல்லாம் கண்ணுக்குள் வந்தன. உட்துறைமுகப் பக்கத்து எங்கள் ஒழுங்கையில் அப்போது தெருவுக்கே ஒரு டீவி, அது எங்கள் வீட்டில்தானே. ஆங்கிலம் விளங்கினது உங்களுக்கு மட்டும். சாரமும் பெனியனுமாக டீவிக்குப் பக்கத்தில், கோட்டில் நிற்கிற மாதிரியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பீர்கள். கதிரையில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிற பழக்கம் உங்களுக்கு இல்லை. சாட்சி சொல்வதை அவர் சொல்கிறபடியே சொல்ல வேண்டும் என்பது உங்கள் தொழில் முறை. அதனால் அழகான நடிகை வந்து அழுதாலும், "நான் அவரைக் காதலித்தது உண்மை" என்று முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொல்வீர்கள். ஒழுங்கையே விழுந்து விழுந்து சிரிக்கும்.

கடைசி விளம்பர இடைவேளையில் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒவ்வொருவரிடமும் தீர்ப்புக் கேட்பீர்கள். காரணம் சொல்லாத ஆளுக்குத் தேத்தண்ணி இல்லை. சைக்கிள் கடை லத்தீப் நானா ஒவ்வொரு வாரமும், "டொக்டர்தான். அந்தாள்ர சிரிப்பே சரியில்ல" என்பார். கதையில் டொக்டரே இல்லாத வாரத்திலும் அவர் விடமாட்டார். வாசற்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருக்கிற மங்களம் மாமி கடைசி ஆளாக, மெதுவாகத் தன் தீர்ப்பைச் சொல்வா.

இதில் நான் ஏன் இப்படிக் குழம்பிப்போனேன் என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வீட்டில் இருக்க ஏலாமல் இருந்தது. என்னிடம் ஆங்கிலம் படித்து இப்போது சட்டத்தரணியாக இருக்கிற ஒரு பெட்டை, "டீச்சர், மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் வழக்குகள் தவணை போகுது. ஈச்சிலம்பற்றில இருந்து விடியவே பஸ் ஏறி வந்த சனம் சும்மா திரும்பிப் போகுது. உங்களுக்கு மூண்டு பாஷையும் தெரியும்தானே" என்று விண்ணப்பத்தைக் கையில் தந்தாள். ஏன் இந்தப் பணியை விரும்புகிறீர்கள் என்ற இடத்தில் நான் எழுதியது ஒரே வரி: என் தந்தை இதே கோட்டில் ஆயுள் முழுக்க வேலை செய்தார், ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அதற்குக் கீழே கையொப்பம் வைக்கத்தான் என்னால் முடியவில்லை. ஒரு நாடகத்தில் கொலைகாரரையே மாற்றிச் சொன்ன மனிதர், உண்மையான வழக்குகளில் என்னென்ன செய்தாரோ? நான் எதை நம்பி அந்த வேலைக்குப் போவது?

அம்மாவிடம் கேட்டேன். (அம்மா சுகமாக இருக்கிறா. டீவிச் சத்தத்தை மட்டும் கூட்டி வைக்கிறா.) "உன்ர அப்பாவுக்குப் பொய் வாயில வராது. சீலை வடிவில்லை எண்டால் வடிவில்லை எண்டுதான் சொல்லுவார்" என்றா. பிறகு அந்தச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "அண்டைக்கு வாசல்ல மங்களம் இருந்தவள் எல்லோ?" என்றா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மங்களம் மாமி ஒரு பெரிய இடத்துப் பங்களாவில் சமைத்தவ. வீட்டு அம்மாவின் சங்கிலி காணாமல் போய், மாமியின் மேல் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கில் மொழிபெயர்த்தது நீங்கள். ஏரிக்கரை வீட்டுக் கதை வந்தது அதே வருடம்.

அடுத்த நாளே பஸ் எடுத்து உப்புவெளிக்குப் போனேன். மாமி அங்கே மகனோடு இருக்கிறா. மகன் வெளிநாட்டுக்காரர் தங்குகிற சின்ன விடுதி ஒன்று நடத்துகிறான், குசினி மாமியின் ஆட்சி. "வா பிள்ளை, இரு. நல்லா மெலிஞ்சு போனாய்" என்றா. வெங்காயம் வெட்டுகிற கை நிற்கவில்லை. எனக்குத்தான் சுற்றி வளைக்கத் தெரியாதே, நேரே கேட்டேன்.

"மாமி, அப்பா உங்களுக்காக ஒரு படத்தின்ர முடிவை மாத்திச் சொன்னவர். உங்களுக்குத் தெரியுமோ?"

"ஏரிக்கரை வீட்டுக் கதைதானே?" என்றா.

மாமி சிரித்தா. "கூண்டில நிண்டு அழுதது அந்த வேலைக்காரப் பெட்டை. அண்ணன்காரன் செய்ததை நினைச்சு அழுறாள் எண்டு உன்ர அப்பா சொன்னார். நான் கூண்டில நிண்டனான் பிள்ளை. பிறத்தியாருக்காக அழுறதுக்கும் தனக்காக அழுறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதே?"

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்ல?"

"லத்தீப் நானா டொக்டர் டொக்டர் எண்டு கத்திக்கொண்டு இருந்தார். அதுக்குள்ள நான் என்னத்தைச் சொல்ல? தேத்தண்ணியக் குடிச்சிட்டு வந்திட்டன்."

பிறகுதான் கேட்க வந்ததைக் கேட்டேன். "உங்கட வழக்கில, கோட்டில, அப்பா எதையாவது மாத்தினவரோ?"

கத்தி நின்றது. "மாத்தியிருக்கலாமே எண்டுதான் நான் எத்தினை நாள் அழுதனான்" என்றா. "நான் சங்கிலியை எடுக்கேல்ல எண்டு சொன்னனான். அதோட வாயை மூடியிருக்கலாம். பயத்தில, ஒருநாள் கழுத்தில போட்டுக் கண்ணாடியில பாத்தனான் எண்டும் சொல்லிப்போட்டன். சொன்ன உடன உன்ர அப்பாவைப் பாத்தன். அண்ணை, இதை மட்டும் விட்டிடுங்கோ எண்டு கண்ணால கெஞ்சினன். நீதவானுக்குத் தமிழ் தெரியாது. அவர் விட்டிருந்தா ஆருக்கும் தெரிய வந்திராது. அவர் தொண்டையைச் செருமினார். ஒரு சொல் விடாமச் சொன்னார். எனக்குச் சிங்களம் விளங்கும், பங்களாவில ஆறு வருசம் இருந்தனான்."

"பிறகு?"

"பிறகென்ன, அந்தச் சொல்லைப் பிடிச்சுக்கொண்டு அவையின்ர அப்புக்காத்து என்னை வறுத்தெடுத்தார். கடைசியில சாட்சி போதாது எண்டு என்னை விட்டவை. மறைக்காமச் சொன்னபடியால் நம்பினவையோ, வேற என்னவோ, எனக்குத் தெரியாது. வேலை போச்சு. ஆனா எனக்கு நொந்தது அது இல்லை பிள்ளை. அதுக்குப் பிறகு உன்ர அப்பா என்ர முகத்தைப் பாக்கேல்ல. என்ர பிள்ளையள் படம் பாக்க ஆசைப்பட்டதால உங்கட வீட்டுக்கு வந்தனான், அப்பவும் அவர் டீவியைப் பாத்துத்தான் கதைப்பார். 'மங்களம், அதை நான் சொல்லத்தான் வேணும்' எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா எனக்குக் காணும். அதை விட்டிட்டு, ஆரோ ஒரு அண்ணன்காரனைக் கொலைகாரனாக்கி வைச்சார்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் அழுதேன். வெங்காயம் என்று மாமியின் பேத்தியிடம் சொன்னேன்.

அன்று பின்னேரமே விண்ணப்பத்தில் கையொப்பம் வைத்தேன். அந்த வரியில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

இன்னொரு செய்தி, அப்பா. போன சனிக்கிழமை மங்களம் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தா. அதே கதையைத் திரும்பப் பார்க்க வேண்டுமாம். "இந்த முறை உள்ளதைச் சொல்லு" என்று கட்டளை. காது மந்தமான லத்தீப் நானாவையும் அவருடைய மகன் ஓட்டோவில் கொண்டுவந்து விட்டான். நான் டீவிக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். இடைவேளைக்கு நிறுத்தித் தீர்ப்புக் கேட்டேன். நானா அம்மாவின் காதுக்குள் போய், "டொக்டர்தான்" என்றார். இத்தனை வருடத்தில் ஒருமுறையாவது டொக்டர் மாட்டியிருக்கலாம், பாவம் மனிதர்.

"நான்தான் அவரைத் தள்ளினேன்" என்று வேலைக்காரியின் சொல்லை மாமியின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். மாமி கண் வெட்டாமல் கேட்டுக்கொண்டு இருந்தா. முடிந்த பிறகு சொன்னா: "செய்தவள் செய்தவள்தான். அதை நான் இல்லை எண்டு சொல்லேல்ல. ஆனா கவனிச்சியே, அந்த வீட்டில ஒருத்தரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடேல்ல."

அதை அப்படியே குழுவில் மாமியின் பெயரோடு போட்டேன், எனக்குத்தான் பிழை என்றும் எழுதி மன்னிப்புக் கேட்டேன். கதையைப் பத்துத் தரம் பார்த்தோம் என்று சொன்னவர்கள் ஒருவரும் அதைக் கவனித்திருக்கவில்லை. படத்தைப் போய்ப் பார்க்கச் சொன்ன அந்தத் தம்பி திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு, மாமி சொன்னது சரி என்று எழுதினான். மாமிக்கு வாசித்துக் காட்டினேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, மற்றவை என்ன சொல்லுகினம் என்று மட்டும் இரண்டு தரம் கேட்டா.

எனக்கு நியமனக் கடிதம் வந்துவிட்டது அப்பா. வருகிற திங்கட்கிழமை சத்தியம் எடுத்துக்கொண்டு, நீங்கள் நின்ற கூண்டுப் பக்கத்தில் நானும் நிற்கப் போகிறேன். இப்போதே பயம் வந்துவிட்டது. உங்களுக்கும் முதல்நாள் பயமாக இருந்ததோ? நான் ஒருநாளும் கேட்கவில்லையே.

ஒரு வாக்குத் தருகிறேன். எந்த மனுஷி கண்ணால் கெஞ்சினாலும், சொன்னதில் ஒரு சொல்லையும் விடமாட்டேன், நீங்கள் விடாத மாதிரியே. ஆனால் பிறகு அவ வெளியே வருகிற நேரம் நான் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போகமாட்டேன். பக்கத்தில் போய், முகத்தைப் பார்த்து, "அம்மா, அதை நான் சொல்லத்தான் வேணும்" என்று சொல்லுவேன். உங்களால் ஏலாமல் போனது அது ஒன்றுதான் அப்பா, அதை நான் செய்கிறேன்.

உங்கள் சொல்லை நம்புகிற,
மூத்த மகள் வதனி