ஃபாயிலில் சுற்றிய மீன்

மலையில் பார்க்கிற நர்சு வேலையை விடச்சொல்லி முந்தாநாள் மனைவி மலர்க்கொடியிடம் சண்டை போட்ட பழனிவேல், சங்கராபுரம் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் ஒரு சீட்டு எழுதி அடுப்பு மேடையில் வைத்தான்.

"மலரு, தோசைக்கல்லு மேல ஃபாயில்ல சுத்தின மீன் இருக்கு. நான்தான் செஞ்சேன். பிரிக்காம அப்பிடியே சின்னத் தீயில சூடு பண்ணு. பிரிக்கச்சொல்ல ஆவி அடிக்கும், கை பத்திரம். எலுமிச்சம்பழம் புழியல. புளிப்பு பட்டா ஃபாயிலு பொத்துக்கும்னு நீதான சொன்ன. தட்டுல போட்டுப் புழிஞ்சிக்கோ.

காத்தால டீக்கடைக்கு வெள்ளிமலைக்காரர் ஒருத்தரு வந்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ஜீப்புலயே அவரு பொண்ணுக்குப் பிரசவம் பாத்தியாமே. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்களாம். அத்தினி பேரு முன்னால என்னக் கையெடுத்துக் கும்பிட்டாரு.

பழனிவேல்"

செருப்பை மாட்டியவன் திரும்பி வந்து, பெயருக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினான்.

"வேலைய வுட வேணாம். டீக்கடையில எல்லாரும் இப்ப என்னைய நர்சம்மா வூட்டுக்காரருன்னு கூப்புடறாங்க. கேக்க நல்லா இருக்குது."