மாப்ள, ஒரு மிஸ்டு கால்

உன் போன் என் மேசைமேல் இருக்கிறது. கீறல் விழுந்த கண்ணாடி, நீ மாட்டிவைத்த பச்சை ரப்பர் உறை, அதன் மூலையில் காய்ந்துபோன நீல மை. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை. நீ கலந்த மை லேசில் போகாது என்று எனக்குத் தெரியாதா.

முந்தாநாள் உன் மனைவி இதை என் கையில் கொடுத்தாள். "திறக்கிற நம்பரை இவுக யார்ட்டயும் சொல்லலண்ணே. பாப்பாவோட பேசுன வீடியோ எல்லாம் உள்ள கெடக்கு. ஒங்களுக்குத்தான் போன் கடை ஆளுகளைத் தெரியுமே" என்றாள். தெரியும்தான். அவர்களைத் தெரிந்திருந்ததால்தான் எல்லாமே கெட்டது.

நம் பிரஸ்ஸில் சீசனுக்கு முன்னால் பட்டாசு லேபிளை எப்படிப் பொத்திப் பொத்தி வைப்போம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படத்தைப் பார்த்துத்தான் வடக்கே பெட்டி விலைபோகும். புதுப் படம் முன்கூட்டியே வெளியே போனால் லேபிள் அடிக்கக் கொடுத்த பார்ட்டிக்கு அந்த வருஷம் அவ்வளவுதான். அதனால்தான் முதலாளி அந்த ஆப்பைக் கொண்டுவந்தார். லேபிளை அதற்குள்தான் பார்க்கலாம், வெளியே அனுப்ப முடியாது, ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கறுப்பாக வரும். நீ படம் போடுகிறவன், உனக்கு அது நிம்மதி. நான் கம்பெனி கம்பெனியாக அலைந்து ஓகே வாங்குகிறவன், எனக்கு அது கால்கட்டு.

பஜாரில் ஒரு கடைக்காரன் "ரூட் பண்ணீட்டா போன் ஒங்க சொல்பேச்சு கேக்கும்ணே" என்றான். கொடுத்தேன். போன் நிஜமாகவே சொல்பேச்சு கேட்டது. லேபிளைப் படம் பிடித்து வாட்ஸப்பில் தட்டிவிட்டு, மற்றவர்கள் இரண்டு நாள் இழுக்கிற ஓகேயை நான் டீ ஆறுவதற்குள் வாங்கினேன். பேங்க் ஆப் மட்டும் 'இந்த போன் பாதுகாப்பாக இல்லை' என்று திறக்க மறுத்தது. கடைக்காரன் அதையும் ஏமாற்ற ஒரு வழி செய்துகொடுத்தான். உன்னிடம் பெருமையாகக் காட்டினேன். நீ மை துடைக்கிற துணியைக் கீழே வைக்காமலேயே பார்த்தாய்.

"ஏலே, போனுக்கே பொய் சொல்லக் கத்துக்குடுத்திருக்கியே. போன் கம்பெனிக்காரன் போட்ட பூட்டைக் கழட்டிட்டா நீ மட்டுமா உள்ள போவ? எவன் வேணாலும் போவான்லே."

"ஒனக்குப் போன் எடுத்துப் பேசத் தெரிஞ்சதே பெருசு மாப்ள" என்று நான் கிண்டல் செய்தேன். நீயும் சிரித்துவிட்டாய்.

ஆனைக்குட்டம் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டு இருவரும் பைக்கில் திரும்பிய நாள் நினைவிருக்கிறதா? மயில் லேபிளில் மாற்றிய ஒரு வரிக்கு உடனே ஓகே கொடுக்கச் சொல்லி பிரஸ்ஸிலிருந்து கூப்பிட்டார்கள். பேசி முடிப்பதற்குள் உன் போனில் சார்ஜ் தீர்ந்தது. உடைமர நிழலில் வண்டியை நிறுத்தி என் போனை நீட்டினேன். நீ வாங்கவில்லை. "இதுலயா?" என்றாய். "கடிக்காதுலே, பிடி" என்றேன். உன் லாகினைப் போட்டு அந்த ஆப்பைத் திறந்தாய், திருத்தத்துக்கு ஓகே கொடுத்தாய், வெளியே வந்தாய், போனைத் திருப்பிக் கொடுத்தாய். ஐந்து நிமிஷம்கூட இருக்காது.

ஊர்க் கோயில் பங்குனிப் பொங்கல் முடிந்து சில வாரத்தில் அதே மயில், அதே தோகை, பெயர் மட்டும் மாறி வேறொருவர் பெட்டியில் வந்தது. நம் பார்ட்டி, முதலாளியின் அறையில் நின்று கத்தியது மிஷின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. கம்ப்யூட்டர் பார்க்கிறவர் நோண்டிப் பார்த்துவிட்டு, பங்குனிப் பொங்கல் லீவு அன்று உன் லாகினில்தான் படம் வெளியே இறங்கியிருக்கிறது என்றார். நாளைக் காலையில் எல்லாரும் போனைக் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார்.

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. கடைக்காரன் ஓசியில் ஏற்றிக்கொடுத்த ஏதோ ஒன்று என் போனுக்குள் உட்கார்ந்து நீ அடித்த பாஸ்வேர்டைப் பார்த்திருக்கிறது. அன்று சாயங்காலமே பஜாருக்கு ஓடினேன். "பழையபடி ஆக்கிக் குடு" என்றேன். மறுநாள் என் போனைப் பார்த்தவர் ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்.

பிறகு உன்னை உள்ளே கூப்பிட்டார்கள். நானும் அங்கேதான் நின்றேன். "வேற யார் போன்லயாச்சும் திறந்தியாப்பா?" என்று முதலாளி தன்மையாகத்தான் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"ஞாபகம் இல்ல அண்ணாச்சி" என்றாய்.

எந்தப் பெட்டிக்கு எந்த மையில் எம்புட்டு என்று ஒரு தாளிலும் எழுதாமல் மண்டைக்குள்ளேயே வைத்திருந்தவன் நீ. உனக்கா ஞாபகம் இல்லை? நான் வாய் திறப்பேன் என்று இடம் விட்டிருக்கிறாய். அந்த இடத்தில் நான் காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி உன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ஊரில் ஒரு பிரஸ்காரருக்குத் தெரிந்தால் எல்லாருக்கும் தெரிந்த மாதிரி. படத்தை வெளியே விட்டவன் என்று பேராகிவிட்டது, யாரும் உன்னைச் சேர்க்கவில்லை. கடைசியில் வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பட்டாசு கம்பெனியில் பேக்கிங்கைப் பார்த்துக்கொள்ளப் போனாய். அதன் பிறகும் டீக்கடையில் என்னைக் கண்டால் பழையபடியே பேசினாய். பேச்சு முடிந்ததும் ஒவ்வொரு தடவையும் "வேற என்ன விசேசம் மாப்ள?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பாய். ஒண்ணுமில்லை என்பேன். நீ கிளம்புவாய்.

உன் கம்பெனியில் அந்த வெடி விபத்து நடந்தது காலையில். எனக்குத் தெரியாது. நான் மதியம் உனக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே போகிறவர்கள் போனை வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டுமே, அந்தப் பெட்டியில் கிடந்து அடித்திருக்கிறது. அன்று அங்கே நின்றவர்கள் பின்னால் சொன்னார்கள், அந்தப் பெட்டிக்குள் ஒவ்வொரு போனாக அடித்துக்கொண்டே இருந்ததாம். எடுக்க யாருக்கும் மனம் வரவில்லையாம்.

முந்தாநாள் உன் மனைவி இந்தத் திரையை என் முன்னால் திருப்பிக் காட்டினாள். பூட்டின் மேலேயே தெரிகிறது: 'மாப்ள - ஒரு மிஸ்டு கால்'. என் நம்பருக்கு வைத்த அந்தப் பெயரை நீ மாற்றவே இல்லை.

"சார்ஜ் இறங்காம பாத்துக்கிட்டிருக்கேன். அணைஞ்சா இதுவும் போயிரும். அன்னைக்கு எதுக்குண்ணே போன் போட்டீக?"

உன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே போகச் சொல்லலாமா என்று நினைத்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டேன். உடைமர நிழல், என் போன், பஜார் கடை, காலண்டர், எல்லாவற்றையும் சொன்னேன்.

உன் மனைவி அழவில்லை. "தெரியும்ணே" என்றாள். "அன்னைக்கே வந்து சொன்னாக. நீங்க போய்ச் சொல்லுங்கன்னு நானும் சண்டை போட்டேன். 'அவனா வருவான், பொறு'ன்னாக." போன் திரையைப் பார்த்தாள். "அப்ப அதைச் சொல்லத்தான் அன்னைக்குப் போன் போட்டீகளா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் இத்தனை நாள் இதற்கு சார்ஜ் போட்டிருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது. பொய் எனக்குப் பழகிய வேலைதான்.

"இல்லம்மா. கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு அந்த நீலம் எப்படிக் கலப்பான்னு கேக்கப் போட்டேன். எங்க யாருக்கும் வரல."

அவள் போனைத் தன் சேலையில் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"இருந்திருந்தா சொல்லியிருப்பாகண்ணே" என்றாள்.

நேற்று முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "இப்ப யார்ட்டப்பா போய்ச் சொல்றது?" என்றார். நம் பிரஸ்ஸில் ஆள் ஆளாகக் கூப்பிட்டு நானே சொன்னேன். மற்ற பிரஸ்களுக்கும் போவேன். என் வேலை இருக்குமா என்று தெரியவில்லை.

பஜார் கடைக்காரன் உன் போனைப் புரட்டிப் பார்த்தான். பூட்டை உடைக்கலாமாம், உடைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடுமாம். "இந்த ஆள் எதையுமே கழட்டலண்ணே, கம்பெனியில இருந்து வந்தபடியே வச்சிருக்காரு" என்றான். நான் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

நாளைக்கு இதை உன் வீட்டில் கொடுத்துவிட வேண்டும். திறக்க முடியவில்லை என்பதை உன் மகளிடம் நானே சொல்வேன். அதுவரை சார்ஜில் போட்டிருக்கிறேன். திரை மங்கும்போதெல்லாம் தொட்டு எழுப்புகிறேன். மாப்ள என்று நீ வைத்த பெயர் வருகிறது, நம்பர் கேட்கிறது, மறுபடி மங்குகிறது.