ஷாமிலாவின் குழியில் மீதமிருக்கும் மேலிடம் குறித்து

அனுப்புநர்:
யோ. சீமோன்,
ஓய்வுபெற்ற படவரைஞர்,
மல்வேர்ன், ஸ்காபரோ,
ரொறன்ரோ, கனடா.

பெறுநர்:
நிருவாக அதிகாரி அவர்கள்,
புனித லூசியா சேமக்காலை அலுவலகம்,
மெல்பேண், அவுஸ்திரேலியா.

விடயம்: தங்கள் கல்லறைத் தோட்டத்தில் என் மகள் ஷாமிலா அடக்கம் செய்யப்பட்டுள்ள குழியின் மேல்தளத்தில் அவளது கணவரை அடக்கம் செய்யாதிருக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

1. எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆயினும் எந்த மொழியிலும் எழுதலாம், மொழிபெயர்த்துக்கொள்வோம் என்று தங்கள் இணையத்தளத்தில் கண்டதால் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தபோது தங்கள் அலுவலகத்தைக் குற்றஞ்சாட்டுவதுபோல் அமைந்துவிட்டது. அது என் நோக்கமன்று. தங்கள் அலுவலகம் சட்டப்படியே நடந்திருக்கிறது. அதனாலேயே இதை யாரிடம் முறையிடுவது என்று எனக்குத் தெளிவில்லை. தவறான இடத்துக்கு எழுதியிருந்தால் பொறுத்தருளவும்.

2. என் மகள் ஷாமிலா ரொறன்ரோவில் படித்து வளர்ந்தவள். 2009ஆம் ஆண்டு மெல்பேணில் வசித்த பேனாட் அலெக்ஸாண்டர் என்பவரைத் திருமணம் செய்து அங்கே போனாள். பேசிச் செய்த திருமணம். இரு குடும்பமும் மன்னாரில் ஒரே தேவாலயப் பங்கைச் சேர்ந்தவை. மருமகன் குடிப்பதில்லை, கை நீட்டுவதுமில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவார்.

3. ஷாமிலா ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் மருமகனே. அவளுக்கு ஓய்வு நாளாகவும் அவருக்கு வேலை நாளாகவும் இருந்தால், அவளுடைய சப்பாத்துகள் எல்லாவற்றையும் தன் காரின் டிக்கியில் வைத்துப் பூட்டிக்கொண்டு போவார். இதை அவள் எங்களுக்குப் பல ஆண்டுகள் சொல்லவில்லை. சொன்னபோதும் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிற்பாடு அவள் அவரை விட்டு வெளியேறிய செய்தி இங்கே பரவியதும், உறவினர் ஒவ்வொருவரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அடிச்சவரோ?" இல்லை என்பேன். "அப்ப என்னத்துக்கு விட்டிட்டு வந்தவள்?" சப்பாத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் இதற்காகவா என்று கேட்பார்கள் என எண்ணினேன். இப்போது அவுஸ்திரேலியாவின் சில மாநிலங்களில், அடிக்காமலே ஒரு பெண்ணை இவ்வாறு அடக்கி வைப்பதும் குற்றமாக்கப்பட்டிருப்பதாக வாசிக்கிறேன். அந்த விவாதம் நடந்த காலத்தில் செய்தித்தாள் கட்டுரைகளை அவள்தான் எனக்கு அனுப்பிவந்தாள்.

4. தங்கள் நாட்டைப் பற்றி அவளுக்குப் பெருமை இருந்தது. அங்கே பெண்கள் 1902இலேயே வாக்குரிமை பெற்றதையும், மணமான பெண் அரச வேலையை விட வேண்டும் என்ற விதி 1966இல் நீங்கியதையும், யாரையும் குற்றவாளியாக்காமலே மணவிலக்குப் பெற 1975இல் சட்டம் வந்ததையும் தொலைபேசியில் சொல்லுவாள். முதலாவதைச் சொல்லும்போது மட்டும், அந்த மண்ணின் ஆதிக்குடிப் பெண்கள் அதில் சேர்க்கப்படவில்லை என்பதையும் தவறாமல் சேர்த்துக்கொள்வாள். 2021 மார்ச்சில் பாலியல் வன்முறைக்கு நீதி கேட்டுப் பெண்கள் கறுப்பு உடையணிந்து நகரங்களில் ஊர்வலம் போனார்களல்லவா? அன்று மருமகன் வேலைக்குப் போன பிறகு, குளியலறைச் செருப்புடன் ரயிலேறிப் போய் அவர்களோடு நின்றாள். "மேடையில எங்கட கதை ஒண்டும் இல்லை அப்பா. எண்டாலும் நிண்டனான்" என்றாள். அந்தச் செருப்போடுதான் மறு ஆண்டு வீட்டை விட்டும் வெளியேறினாள்.

5. தங்கள் நாட்டுச் சட்டப்படி மணவிலக்குக் கோருவதற்குப் பன்னிரண்டு மாதம் பிரிந்திருக்க வேண்டும். அந்த இடைக்காலத்தில் என் மகன் றொய்சனின் திருமணம் இங்கே ரொறன்ரோவுக்கு அருகே மார்க்கம் நகரில் நடைபெற்றது. எங்கள் குடும்பங்களில் மணமகனின் மூத்த சகோதரியும் கணவருமாகச் சேர்ந்து நின்றே மணமக்களை மண்டபத்துக்குள் அழைத்துவருவது வழக்கம். பிரிவைப் பற்றிப் பெண் வீட்டார் அப்போது அறிந்திருக்கவில்லை. யாரும் அவளை வற்புறுத்தவில்லை. "தம்பியின்ர நாள் பழுதாகக் கூடாது. ஒரு பின்னேரம்தானே, நிக்கிறன்" என்று அவளே சொன்னாள். மருமகனும் வந்தார். இருவரும் சோடியாக நின்றார்கள். படம் எடுத்தார்கள். அவளைச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். பன்னிரண்டு மாதம் முடிந்து அவள் மணவிலக்குக் கோரியபோது, தாம் இருவரும் ஒருபோதும் பிரியவில்லை என்பதற்கு ஆதாரமாக மருமகன் நீதிமன்றத்தில் சமர்ப்பித்தது அந்தப் படங்களையே. வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.

6. அடுத்த தவணைக்கு முன்னர், 2023 நவம்பரில், வேலைத்தலத்தில் மூளையில் இரத்தம் கசிந்து என் மகள் காலமானாள். சட்டத்தின் கண்ணில் அவள் அன்றும் பேனாட் அவர்களின் மனைவி. ஆகவே உடலைப் பொறுப்பேற்றவரும், தங்களிடம் குழியை வாங்கியவரும் அவரே. என் இருதய நிலை காரணமாக விமானப் பயணத்தை மருத்துவர் தடுத்துவிட்டதால், அடக்கத்தை இங்கிருந்து திரையில் பார்த்தோம். பெட்டியில் அவளுக்குப் புதிய சப்பாத்து அணிவித்திருந்தார்கள்.

7. ஓராண்டுத் திவசத்தில் கல்லறைக் கல்லை ஆசீர்வதித்ததையும் திரையிலேயே பார்த்தேன். "ஷாமிலா அலெக்ஸாண்டர், பேனாட்டின் அன்பு மனைவி" என்று எழுதியிருந்தது. அதற்கு மேலே அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, ஒரு கோடு, பின் வெறுமை. நான் மன்னார்க் கச்சேரியில், அதாவது அங்குள்ள அரச செயலகத்தில், காணிப் படம் வரைந்தவன். விளங்காத ஒன்றை வரைந்து பார்ப்பது என் பழக்கம். தங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் குழியின் அளவுகளைப் பெற்றேன். அது இருவருக்கான ஆழக் குழி. கீழே அவள் இருக்கிறாள். மேலே அவருக்கு இடம் இருக்கிறது. நெடுக்குவெட்டாக அதை வரைந்த பின்னர் என்னால் அந்தத் தாளைப் பார்க்க இயலவில்லை.

8. குழியின் உரித்தாளர் அவரே, அவர் சம்மதமின்றி எதையும் மாற்ற முடியாது என்று தாங்கள் மரியாதையுடன் பதில் தந்தீர்கள். மறுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. என் மனைவி ஜோசப்பினும் என்னைக் கண்டிக்கிறாள். "செத்த பிள்ளைக்கு இனி என்ன விவாகரத்து? தனியக் கிடக்காமல் ஒருத்தர் வரட்டுமன்" என்கிறாள். பங்கு மக்கள் மருமகனைப் புகழ்கிறார்கள், அவ்வளவு நல்ல பளிங்குக் கல். நான்தான் பிழையாக விளங்கிக்கொண்டேனோ என்று தினமும் யோசிக்கிறேன். ஆனால் சப்பாத்தைப் பூட்டி வைத்த வீட்டிலிருந்து செருப்போடு வெளியேறியவள் அவள். திரும்பிப் போவதாக அவள் யாரிடமும் சொல்லவில்லை.

9. ஆகவே என் கோரிக்கைகள்:

(அ) அந்த மேலிடத்தை மண்ணால் நிரப்பி மூடிவிட வேண்டும். வேறு யாருக்கும், எனக்கும்கூட, அது வேண்டாம்.

(ஆ) கல்லில் "மனைவி" என்ற சொல்லை நீக்க வேண்டும். "ஷாமிலா சீமோன்" என்று எழுதும்படி கேட்கவே முதலில் நினைத்தேன். ஆனால் அவள் தன் பழைய பெயருக்கு மாற விண்ணப்பித்தபோது, "அதுவும் ஒரு ஆம்பிளையின்ர பேர்தானே அப்பா" என்று என்னைக் கேலி செய்தவள். ஷாமிலா என்பது போதும்.

(இ) இவ்விரண்டும் தங்களால் இயலாதவை என்பதை அறிவேன். பேனாட் அவர்களுக்கு நாற்பத்தொன்பது வயது, நல்ல சுகதேகி. எனக்கு எண்பதாகப் போகிறது. அக்குழியை மறுபடியும் திறக்கும் நாளில் ஆட்சேபிக்க நான் இருக்கமாட்டேன், என் மனைவி விரும்பமாட்டாள், றொய்சனுக்கு அது மறந்திருக்கும். எனவே என் ஆட்சேபணையை இன்றே தெரிவித்துக்கொள்கிறேன். இக்கடிதத்தை அக்குழிக்குரிய கோவையில் இட்டு வைத்து, அன்று மண்ணை வெட்டத் தொடங்குமுன் தங்கள் அலுவலகத்தில் அப்போது இருப்பவர் யாராயினும் ஒருமுறை முழுவதுமாக வாசிக்க வேண்டும். வாசித்த பின், சட்டம் சொல்கிறபடி செய்யுங்கள்.

இதற்குமேல் கேட்க அறியாத,
ஷாமிலாவின் தகப்பன்,
யோ. சீமோன்
(ஒப்பம்)

இடம்: ரொறன்ரோ
திகதி: 14 மார்ச் 2025