உன் பெயரில் வந்த செய்தி

என் அன்பான நிரோ,

நான் திருகோணமலைக்கு வந்து ஏழு கிழமையாகிறது. நம் பத்திரிகைக் கந்தோர் உள்துறைமுகத்துக்குப் போகிற வீதியில், ஒரு இரும்புக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கிரேன்களும் ஒரு துண்டுக் கடலும் தெரியும். வவுனியாவில் உன்னோடு வளர்ந்த எனக்கு இந்த உப்புக்காற்று இன்னும் பிடிபடவில்லை. உனக்கு ஒரே நாளில் பிடித்துப் போயிருக்கும்.

பயிலுநர் நிருபராக இங்கே முதலில் தெரிவானவள் நீதானே. காத்திருப்புப் பட்டியலில் உனக்கு அடுத்த பெயர் என்னுடையது. டெங்குக் காய்ச்சல் வந்து ஆறாம் நாள் நீ போய்விட்டாய். உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிவதற்கு முன்னமே எனக்கு நியமனக் கடிதம் வந்தது. அதைப் பிரித்தபோது எனக்குச் சந்தோசம் வந்தது, நிரோ. ஒரு கணம்தான். ஆனால் வந்தது. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

முதல் நாள் எனக்குக் காட்டிய மேசையில் உன் பெயர் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. ஆசிரியருக்கு உன் விசயம் தெரியும். சங்கடப்பட்டுக்கொண்டு அதை உரிக்கக் கை நீட்டினார். "இருக்கட்டும் சேர்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

பக்கம் வடிவமைக்கிற ரிஸ்வான் கிண்ணியாக்காரர்; எங்கள் எல்லோருக்கும் அவர் நானா, அண்ணன். அப்போது லீவில் இருந்தார். திரும்பி வந்தவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "நிரோஜா தங்கச்சி, தேத்தண்ணி குடிச்சீங்களோ?" என்று கேட்டார். "ஓம் நானா" என்று சொன்னேன். அவ்வளவு லேசாக வந்தது.

அதற்குப் பிறகு நீ என்னை விட்டு நகரவில்லை. நீ உனக்கென்று வாடகைக்குப் பேசி வைத்த அறையில்தான் இருக்கிறேன். குளியலறைக் கதவு காற்றுக்குத் திறந்தால், "இரு, வாறன்" என்று சொல்லிவிடுகிறேன். யாருக்குச் சொல்கிறேன்? ஒரு வசனம் எழுதினால், 'நீளமாய்க் கிடக்குது' என்று தோளுக்குப் பின்னால் உன் குரல் கேட்கும். வெட்டுவேன். பஸ் நிலையத்தில், இங்கே ஊருக்குள் திரிகிற மான்களுக்கு நடுவே நின்றபோது யாரோ "நிரோ!" என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். யாரோ ஒரு தாய், தன் மகளைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் உன்னைத் தேடித் திரும்பினேனா, நானே நீயென்று திரும்பினேனா?

மூன்றாம் கிழமை சல்லி என்ற மீனவக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். காலமில்லாக் காலத்தில் பெய்த மழையில், காயப்போட்ட கருவாடெல்லாம் பழுதாகிவிட்டது. ஒரு அம்மா புழுத்த மீனை மண்வெட்டியால் அள்ளிக்கொண்டே என்னோடு கதைத்தார்.

"மழை வந்தா அள்ளிக்கொண்டு ஓட எனக்கு ரெண்டு கைதானே பிள்ளை. ஒரு கொட்டில் போட்டுத் தரச்சொல்லி எழுது. உன்ர பேர் என்ன?"

"நிரோஜா."

அங்கே உன் பெயர் எழுதிய தாள் இல்லை. தவறு செய்ய ரிஸ்வான் நானாவும் இல்லை. நானாகத்தான் சொன்னேன்.

மறுநாள் பின்னேரம், ஆசிரியர் இல்லாத நேரம், ரிஸ்வான் நானா அச்சுக்குப் போகமுன் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினார். செய்திக்குக் கீழே உன் பெயர். "பார்த்திட்டுச் சொல்லுங்கோ, அனுப்பப்போறன்" என்றார். இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டு, "சரி நானா" என்றேன். உனக்குக் கிடைக்காததை உனக்குக் கொடுக்கிறேன் என்று நினைத்தேன். உண்மையில் அந்த ஒரு கணச் சந்தோசத்தைக் கழுவப் பார்த்தேன் போல.

பேப்பர் வெளிவந்த காலை உன் அம்மா அழைத்தார். யாரோ சொந்தக்காரர் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்.

"ஜெசி, இது ஆர்? அவளின்ர முழுப் பேரும் கிடக்குது."

போனைக் காதோடு அழுத்தினேன். அவர் தொடர்ந்தார்.

"நித்திரையால எழும்பின கையோட பார்த்தனான் பிள்ளை. என்ர பிள்ளை திருகோணமலைக்கு வேலைக்குப் போயிருக்கிறாள் எண்டு ஒரு நிமிசம் நினைச்சிட்டன். குசினிக்குள்ள போய் அவளின்ர அப்பாவுக்குச் சொல்லவும் வெளிக்கிட்டன். பிறகுதான்..."

"நான்தான் அம்மா. நான்தான் செய்தனான்."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். "உன்னை ஏசவும் ஏலாமல் கிடக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நேரே ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "செத்துப்போன பிள்ளையின்ர பேர். இதென்ன விளையாட்டோ? திருத்தம் போடவேணும். அதை நீங்களே எழுதுங்கோ." ரிஸ்வான் நானா ஏசவேயில்லை. அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. "மவுத்தான பிள்ளையின்ர பேரைச் சொல்லியோ இவ்வளவு நாளும் உங்களைக் கூப்பிட்டனான்? என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே தங்கச்சி."

திருத்தம் இரண்டே வரி. செய்தியை எழுதியவர் ஜெசிந்தா, தவறுக்கு வருந்துகிறோம். அதை எழுத எனக்கு ஒரு பகல் முழுக்கத் தேவைப்பட்டது. உன்னை இரண்டாந்தரம் அழிப்பது போலிருந்தது. பிறகு சல்லிக்குப் போய், அந்த அம்மாவிடமும் என் உண்மையான பெயரைச் சொன்னேன். "பேர் எதுவா இருந்தா என்ன, கொட்டில் வருமோ?" என்று கேட்டார். கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை உன் அம்மா வந்தார். சொல்லாமல் கொள்ளாமல், காலை பஸ்ஸில், தனியாக. படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "அவள் எதில இருந்திருப்பாள்?" என்று கேட்டார். நான் எழும்பி என் கதிரையைக் காட்டினேன். அவர் அதில் இருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, ஜன்னலால் தெரிந்த கடலைப் பார்த்தார். நானா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது.

எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. பிறகு அவராகவே எழும்பினார். "இரு பிள்ளை. உன்ர வேலையைப் பார்" என்றார். நான் தயங்கினேன். தோளைப் பிடித்து இருத்தினார்.

பஸ்ஸில் ஏற்றிவிடப் போனபோது ஜன்னலால் குனிந்து சொன்னார்: "எனக்கு இப்ப பேப்பர் எழுத்துத் தெளிவாத் தெரியுதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில போன் எடுத்து, நீ எழுதினதை வாசிச்சுக் காட்டு. முடிவில உன்ர பேரையும் சேர்த்து வாசி. நான் கேட்கவேணும்."

நேற்று முதற்தரம் வாசித்தேன். மூதூர் இறங்குதுறை பற்றிய சின்னச் செய்தி. கடைசியில் என் பெயருக்கு வந்ததும் நிறுத்தினேன். அந்தப் பக்கம் உன் அம்மா காத்திருந்தார். நீயும் காத்திருந்தாயா? ஜெசிந்தா என்று வாசித்தேன். "ம்" என்றார்.

இனி உன் பெயரை எடுக்கமாட்டேன். எங்கே வேலை கிடைத்தாலும், எந்த ஊரில் இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அம்மாவுக்கு வாசிப்பேன். அவர் "ம்" சொல்லும்வரை போனை வைக்கமாட்டேன்.

உனக்குப் பத்து மாதம் இளையவள்,
உன் வீட்டுச் சோறு தின்ற உன் தங்கச்சி,
ஜெசிந்தா