கம்பித்தட்டின் அடிப்பக்கம் குறித்துத் தண்பொழில் மாளிகைக் கண்காணிக்கு விடுத்த ஓலை

மழை பருவம் தவறாது பெய்க. வெள்ளிலையாறு வற்றாது ஓடுக. கருவேலி நாட்டு வீடுகளில் அடுப்பு அணையாது எரிக.

முல்லைமூதூரில் வீற்றிருந்து வெண்குடையும் வேழக்கொடியும் விளங்க நாடாளும் அரசி கொன்றைநங்கையாரின் ஆணைப்படி, அவர் சொல்லச் சொல்ல ஓலைநாயகம் எழுதியது. தண்பொழில் மாளிகைக் கண்காணியும், விருந்தோம்பல் அதிகாரியும், அடுக்களைத் திலகம் என்னும் பட்டத்தைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டவருமாகிய பெருங்கொற்றனார் கேட்க. குதிரைத் தலைவர் எயினனார் இதனை மாளிகை வேலையாட்கள் அனைவர் முன்னும் உரக்க வாசிப்பார். வாசித்து முடியும்வரை நீர் நின்றபடியே கேட்க. உம் குடும்ப நலம் வினவும் வழக்கமான வரிகள் இவ்வோலைக்கு வேண்டாம் என்று அரசியார் சொல்லிவிட்டார். ஆகையால் அவை எழுதப்படவில்லை.

நாளை உச்சிப்பொழுதில் ஆற்றுத்துறையில் நாகச்சி என்பவளைச் செம்பாறை நாட்டு வீரரிடம் ஒப்படைக்கவேண்டும் என்று முன்னர் ஓர் ஓலை உமக்கு வந்தது. அங்கே அவளுக்குக் கிடைக்கப்போவது கொலைத் தண்டனை என்பதை நீரும் அறிவீர். இருபது ஆண்டுகள் மாளிகைத் தோட்டத்தில் அனல் முன் நின்று விருந்தினர்க்கு இறைச்சி வாட்டித் தந்தவளின் உயிரைப் பற்றியதே இவ்வோலை.

நடந்ததை எல்லோரும் அறியும்பொருட்டு ஒருமுறை சொல்லவேண்டியிருக்கிறது. மதகு நீரைப் பங்கிடும் உடன்படிக்கைக்காகச் செம்பாறை நாட்டுத் தூதர் மாவளத்தார் தண்பொழிலுக்கு எழுந்தருளினார். தோட்டத்து மாமர நிழலில் நண்பகல் விருந்து நடந்தது. நாகச்சி வாட்டிக் கொடுத்த ஆட்டுத் தொடையில் இரண்டாம் வாய் விழுங்கியதுமே தூதர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வாயில் இரத்தம் கண்டது. பல்லக்கில் ஏற்றித் தலைநகருக்குக் கொண்டுவந்தார்கள். அரண்மனை மருத்துவர் இடுக்கியால் எடுத்தபோது நகக்கண் நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டு வெளியே வந்தது. ஊசி வைத்துக் கொல்லப் பார்த்தார்கள் என்று தூதர் கூட்டத்தார் கொதித்தார்கள். வைத்தவளை ஒப்படைக்காவிட்டால் உடன்படிக்கைக்குப் பதிலாகப் படை வரும் என்றும் தெரிவித்தார்கள். அதே வேளையில் உம் குற்றச்சாட்டு ஓலையும் வந்து சேர்ந்தது. நாகச்சியே ஊசி வைத்தாள் என்றும், அவளை விலங்கிட்டு வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர். அரசியார் பாதி ஓலையைத்தான் படித்தார். படித்த சூட்டிலேயே ஒப்படைக்கும் ஆணையில் இலச்சினை வைத்துவிட்டார். அது தம் பிழை என்பதை மறைக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து ஒரு மாட்டுவண்டி வந்தது. குற்றவாளி இறைச்சி சுட்ட கருவி என்று நீரே சான்றாக அனுப்பிய கம்பித்தட்டு அதில் இருந்தது. மேற்பக்கம் முகம் பார்க்கலாம் போல மின்னியது. அரசியார் உம் ஓலையை மீண்டும் எடுத்து, இம்முறை கடைசிவரை வாசித்தார். அடியில் ஒரு வரி கண்ணில் பட்டது. பிடிபட்ட பின்னும் இவள் அடங்காமல், அடிப்பக்கத்தை யாராவது திருப்பிப் பார்த்தீர்களா என்று திமிராகக் கேட்டாள், என்று நீரே உம் கைப்பட எழுதியிருந்தீர்.

அரசியார் திருப்பிப் பார்த்தார்.

அவையோர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். விரற்கடைப் பருமனுக்குக் கருகிய கொழுப்பு, அதன்மேல் முந்தைய ஆண்டு அறுவடை விருந்தின் கொழுப்பு, அதற்கும் மேல் போன விருந்தின் கொழுப்பு என அடுக்கடுக்காக அப்பியிருந்தது. எறும்புகள் அதில் குடித்தனமே நடத்தின. கீழே கொழுப்பு வடியும் தட்டு கவிழ்க்கப்படாமல் கல்லாக உறைந்திருந்தது. காற்றுத் துளைகளில் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. அரசியாருக்குக் கோபம் வந்தது என்று மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும். அத்தாணி மண்டபத்துப் புறாக்கள் பறந்துபோய் இன்னும் திரும்பவில்லை.

சுடுபவர் கழுவலாகாது என்பது இந்நாட்டு முறை. விருந்தின் பரபரப்பில் அவர் கைக்கு எட்டியதை மட்டும் துடைத்துவிடுவார் என்று அஞ்சியே, கழுவும் பொறுப்பைக் கண்காணியிடம் முன்னோர் வைத்தார்கள். தீ மூட்டும்வரை சுடுபவர் தட்டைத் தொடவும் கூடாது. கழுவி முடித்ததும் மேலும் கீழும் வெள்ளைத் துணியால் துடைத்து, அத்துணியை முத்திரையிட்டுத் தலைநகருக்கு அனுப்பவேண்டும். நீரும் அனுப்பினீர். அதனை இப்போதுதான் பிரித்தார்கள். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் இரும்பு துணியில் ஒரு மெல்லிய பழுப்பு வரியாவது விடும். உம் துணியிலோ சலவைக்காரர் போட்ட கஞ்சி மடிப்புக்கூடக் கலையவில்லை. பெருங்கொற்றனாரே, அந்தத் துணி இரும்பைக் கண்ணாலும் கண்டதில்லை.

பின்னர் நடந்ததைக் கவனமாகக் கேட்க. அரசியார் முன்றானையை இடுப்பில் செருகிக்கொண்டு முற்றத்தில் அமர்ந்தார். சேடியர் ஓடிவந்தபோது, தொட்டவர் கையை முறிப்பேன் என்று அருளிச்செய்தார். தட்டைத் தணலில் காட்டிக் கொழுப்பை இளக்கினார்; மரச்சட்டுவத்தால் சுரண்டினார்; சாம்பல் கரைத்த கொதிநீரில் ஊறவைத்தார்; புளியும் செங்கற்பொடியும் சேர்த்துத் தேங்காய் நாரால் ஒவ்வொரு கம்பியாகத் தேய்த்தார். பாதித் தட்டு முடிவதற்குள் சுரண்டிய கொழுப்பிலிருந்து பதினொரு இரும்புத் துண்டுகள் கிடைத்தன. அத்தனையும் நகக்கண் நீளம். நார் கொண்டு தேய்க்கச் சோம்பி, கப்பல் வணிகரிடம் கம்பி வைத்த தூரிகை ஒன்றை நீர் வாங்கி, மேற்பக்கத்தை மட்டும் பரபரவென்று உரசி மினுக்கியதை வண்டிக்காரர் சொல்லி அறிந்தோம். அந்தத் தூரிகையில் உதிர்ந்த கம்பியே தூதர் தொண்டையில் தைத்தது. ஊசியும் இல்லை, சதியும் இல்லை. உம் சோம்பேறித்தனம் ஒன்றுதான் இருந்தது.

அது பொறுக்கக்கூடியதே. கை சோர்ந்தது என்று நீர் ஒப்புக்கொண்டிருந்தால் அரசியார் இரண்டு வசவோடு விட்டிருப்பார். உம் அழுக்கை மறைக்க ஒருத்தியின் கழுத்தைக் கொடுக்கத் துணிந்தீரே, அதை எண்ணும்போதெல்லாம் அரசியாருக்கு வயிறு எரிகிறது. அந்த ஆணையில் தம் இலச்சினை இருந்ததை எண்ணும்போது இன்னும் எரிகிறது.

பதினொரு துண்டுகளையும் தம் தொண்டையிலிருந்து எடுத்ததையும் தூதர் ஒரே தட்டில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, அப்படியானால் கண்காணியை ஒப்படைக்குமாறு கேட்டார். விசாரியாமல் ஆளைக் கொடுத்த வெட்கம் ஒருமுறை போதும் என்று அரசியார் மறுத்தார். அதே தோட்டத்தில், அதே கம்பித்தட்டில் வாட்டியதை, பத்தாம் நாள் மீண்டும் விருந்துண்டு உடன்படிக்கை முடிக்குமாறு வேண்டினார். தூதர் ஒரேயொரு நிபந்தனையுடன் இசைந்தார். அதனைக் கீழே காண்க.

ஆகவே ஆணையாவது: இவ்வரி கேட்ட மாத்திரத்தில் நாகச்சியின் விலங்கை நீரே உம் கையால் அவிழ்க்க. முன்னர் வந்த ஓலையை அவளிடம் கொடுக்க. அவள் அதை அடுப்பில் இடுக. அரசியார் அவளிடம் மன்னிப்பு வேண்டுகிறார் என்பதை எயினனார் இவ்விடத்தில் இருமுறை வாசிக்க. அவள் இனி அடுப்படிக்கு வரமாட்டேன் என்றால் அது அவள் உரிமை. அவளைக் கெஞ்சி அழைக்கும் வேலையும் உம்முடையதே.

கம்பித்தட்டு அதே வண்டியில் திரும்பி வருகிறது. பாதி அரசியார் கழுவியது. மறுபாதி உமக்காக அப்படியே விடப்பட்டுள்ளது. நார், சாம்பல், புளி, செங்கற்பொடி ஆகியவை மூட்டையில் உள்ளன. தூரிகை இல்லை. அடிப்பக்கம், வடிதட்டு, காற்றுத் துளை ஒவ்வொன்றும் உம் கையாலேயே சுத்தமாகவேண்டும். பிறகு நல்லெண்ணெய் தடவித் தீயில் காய்ச்சுக. துணி துடைத்துப் பார்ப்பவள் நாகச்சி. அவள் போதும் என்னும்வரை போதாது.

தூதரின் நிபந்தனை இதுவே: விருந்து நாளில் தட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும் வெந்த முதல் ஐந்து துண்டுகளை அவர் கண்ணெதிரே நீர் உண்ணவேண்டும். எவ்வளவு நன்றாகத் தேய்க்கவேண்டும் என்பதை இனி உமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

இவ்வோலையின் அடியில் வேழ இலச்சினை இல்லை. அரசியாரின் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருக்கிறது. சீயக்காயிட்டு மும்முறை கழுவியும் போகாத உம் தட்டின் கரி அது. அதே கரி உம் பத்து விரல்களிலும் ஏறியிருப்பதை எயினனார் கண்ணால் கண்ட பிறகு நீர் உட்காரலாம்.